சுமினாவுக்கு விட்ட இடம்

யா பிராகோவின் பாட்டைக் கேட்காதவர்கள் எங்கள் குமாசி ஊரில் இல்லை. அவளைத் தெரிந்தவர்கள்தான் குறைவு. தெரியும் என்று சொல்லிக்கொள்கிறவர்கள் ஏராளம். அந்தக் கேசட் ஓடத் தொடங்கியபின், சந்தையில் அவளிடம் மீன் வாங்கியிருக்கிறேன் என்று சொன்னவர்கள் எல்லாரும் நிஜமாகவே வாங்கியிருந்தால் அவள் வயிற்றுப்பாட்டுக்கு அத்தனை அலைந்திருக்க வேண்டாம். நான் அந்தப் பாட்டுக்குக் கிட்டார் வாசித்தவன். எனக்குத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன்.

என் பெயர் டவியா. நான் சபைக்கு வந்தது பக்தியால் அல்ல, பசியால். அதற்கு முன் நடனக் குழு ஒன்றில் வாசித்துக்கொண்டிருந்தேன். ராணுவ ஆட்சியில் ஊரடங்கு வந்தது. ஆட்டக் கூடங்களைப் பூட்டினார்கள். கூட வாசித்தவர்கள் லாரி ஏறி நைஜீரியாவுக்கும் அபிஜானுக்கும் போனார்கள். கிட்டாரோடு ஊரில் நின்றவனுக்குச் சோறு போட ஒரே ஒரு முதலாளிதான் மிச்சம், அவர் கர்த்தர். சபைகளில் டிரம் இருந்தது, ஒலிபெருக்கி இருந்தது, ஞாயிறு தவறாமல் கூட்டமும் இருந்தது. மதுக்கடையில் வாசித்த மெட்டையே அங்கேயும் வாசித்தேன். வார்த்தை மட்டும் குளித்துவிட்டு வந்தது.

எங்கள் சபை சுவாமேயில் லாரி பழுதுபார்க்கும் கொட்டகைகளுக்கு நடுவே இருந்தது. ஒரு பக்கம் இன்ஜினைச் சம்மட்டியால் அடிக்கிற சத்தம், ஒரு பக்கம் அல்லேலூயா. அங்கேதான் யா பிராகோ பாடிக்கொண்டிருந்தாள். மத்தியச் சந்தையில் புகைபோட்ட மீன் விற்கிறவள். பொழுது சாயும் வரை கூவிக் கூவித் தடித்த குரல். இனிமை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவள் வாயைத் திறந்தால், விசிறிக்கொண்டிருக்கும் பெண்கள் விசிறியை மடியில் போட்டுவிடுவார்கள்.

அவள் பெற்ற முதல் மூன்றும் தவழும் முன்பே போய்விட்டன. நாலாவது பிறந்தபோது பெரியவர்கள் அதைக் கையில் வாங்கிப் பார்த்து, சுமினா என்று பேர் வைத்தார்கள். குப்பைமேடு என்று அர்த்தம். இது வெறும் குப்பை, இதைத் தூக்கிப் போய் நீ என்ன செய்யப் போகிறாய், விட்டுவிடு என்று சாவிடம் சொல்வதற்காக வைக்கிற பேர். எங்களில் அப்படிப் பேர் கொண்டவர்கள் வீதிக்கு ஒருவர் இருப்பார்கள். ஆள் எதிரில் நின்றால் யாரும் சிரிக்க மாட்டார்கள். அந்தப் பேருக்கு முன்னால் எத்தனை குழி தோண்டியிருப்பார்கள் என்று எல்லாருக்கும் தெரியும்.

சாவு அந்தப் பேரை நம்பியது. பிள்ளை தங்கினான். நடந்தான், ஓடினான், மீன் தலையைத் திருடித் தின்றான், தின்னவில்லை என்று பொய்யும் சொன்னான். சபையில் அவனுக்கு இம்மானுவேல் என்று ஞானஸ்நானம் கொடுத்தார்கள். அந்தப் பேரை ஒருவரும் கூப்பிடவில்லை. அவனுக்குப் பின் அஃபியா என்று ஒரு தங்கை பிறந்தாள். அவளுக்கு ஏமாற்றுப் பேர் வைக்க வேண்டியிருக்கவில்லை. அவனுக்குப் பத்து வயது நடக்கும்போது ஒரு மழைக்காலத்தில் காய்ச்சல் வந்தது. வந்த வேகத்தில் கொண்டுபோய்விட்டது.

எங்களில் பெற்றவள் பிள்ளையின் அடக்கத்துக்குப் போகக் கூடாது. போனால் குழி ருசி கண்டுவிடும், மிச்சமிருக்கும் பிள்ளையையும் கேட்கும் என்பார்கள். யா பிராகோ வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். அவளுடைய அண்ணன்தான் பிள்ளையை டாஃபோ கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுபோனார். கொஞ்ச நாள் போகட்டும், இடத்தைக் காட்டுகிறேன் என்று சொல்லியிருந்தார். காட்டுவதற்குள் வடக்கே லாரி ஓட்டிப் போன இடத்தில் விபத்தில் போய்ச் சேர்ந்தார். கூடப் போன இளவட்டங்களைக் கேட்டால் ஒருவன் கிழக்கே கை காட்டினான், ஒருவன் மேற்கே காட்டினான். அவளோடு நானும் ஒருநாள் போய்ப் பார்த்தேன். கண்ணுக்கு எட்டிய வரை சின்னச் சின்ன மண்மேடுகள், கிழங்கு நட்ட வயல் மாதிரி. எதிலும் பேரில்லை.

"எதுன்னு தெரியலையே டவியா" என்றாள். "எல்லாத்துக்கும் அழவா, எதுக்கும் அழாம திரும்பிப் போவவா?"

நான் அவள் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தேன்.

அடுத்த ஞாயிறு அவள் எழுந்து, யாருக்கும் தெரியாத ஒரு பாட்டைப் பாடினாள். எனக்குச் சுரம் சொல்லவில்லை, நானாகத் தேடிப் பிடித்துக் கூடவே போனேன்.

'இருட்டினால் என்னைக் கூப்பிடாதே, அவரைக் கூப்பிடு, சுமினா.
பசித்தால் என்னைக் கூப்பிடாதே, அவரைக் கூப்பிடு, சுமினா.
என் கை அங்கே எட்டாது, அவர் கை எட்டும், சுமினா.'

இவ்வளவுதான் பாட்டு. வரிக்கு வரி கடைசியில் அவன் பேர். மண்ணில் அவன் பேர் எழுதிய இடம் இல்லை. அதனால் பாட்டில் வைத்தாள். இதை யாரும் எனக்கு விளக்கிச் சொல்லவில்லை, கிட்டார் கம்பியில் கை வைத்திருந்த எனக்குத் தானாகப் புரிந்தது.

சபையில் அழாதவர்கள் இல்லை. அந்தச் செய்தி போன்சுவின் காதுக்குப் போயிற்று. போன்சு, கெஜெட்டியா லாரி நிலையத்தின் பக்கத்தில் ரேடியோ பழுதுபார்த்துக்கொண்டிருந்து, பிறகு கேசட் போட்டு விற்கத் தொடங்கியவன். அவனைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். எங்கள் தொழிலில் அவன் திருடன் இல்லை. இதைவிடப் பெரிய சான்றிதழ் எங்கள் தொழிலில் கிடையாது.

அவன் வந்து பாட்டைக் கேட்டான். கண்ணைத் துடைத்துக்கொண்டான். அடுத்த மூச்சில் வியாபாரம் பேசினான்.

"யா அக்கா, பாட்டு தங்கம். பேரை மட்டும் மாத்திரலாம்."

"எதுக்கு?"

"குப்பமேடு குப்பமேடுன்னு கர்த்தரோட பாட்டுல வந்தா யாரு வாங்குவா? அந்த இடத்துல இயேசுன்னு போடுவோம்."

யா பிராகோ அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "'அவரைக் கூப்பிடு, இயேசு'ன்னு பாடவா? இயேசு எந்த இயேசுவக் கூப்பிடுவாரு?"

போதகர் அடிங்க்ரா நடுவில் புகுந்து, "சகோதரி, இம்மானுவேல்னு போடலாமே. ஞானஸ்நானப் பேரு. கர்த்தருக்கும் மகிமை, பையனுக்கும் ஞாபகம்" என்றார்.

"அந்தப் பேர்ல கூப்பிட்டு அவன் ஒரு நாளும் திரும்பிப் பாத்ததில்ல பாஸ்டர். செத்தப்புறம் பாப்பானா?"

சுமினா என்றே பதிவு செய்தோம். போன்சு முட்டை அட்டைகளைச் சுவரில் ஒட்டிச் செய்த ஸ்டூடியோவில், வெளியே லாரி ஹாரன் நிற்கும் நேரமாகப் பார்த்துப் பார்த்துப் பாடினாள். போன்சு தலையில் கை வைத்துக்கொண்டாலும் கேசட் போட்டான். கெஜெட்டியாவில் டாக்சிக்காரர்களுக்குச் சும்மா கொடுத்தான், ஓடவிடுங்கள் என்று. டாக்சியில் ஓடினால்தான் எந்தப் பாட்டும் ஊரில் ஓடும்.

அப்படி ஓடிய ஒரு டாக்சியில்தான் ஒருநாள் மற்றவர்களோடு நெருக்கிக்கொண்டு நானும் அவளும் போய்க்கொண்டிருந்தோம். மீன் கூடை அவள் மடியில். டிரைவர் எங்களை அறியாதவன். பாட்டு வந்தது. பேர் வந்தது. அவன் கண்ணாடியில் எங்களைப் பார்த்துச் சிரித்தான்.

"கேட்டீங்களா? நகரசபைக்காரன் போட்ட பாட்டு. குப்பை வண்டி வருது, எல்லாரும் வீட்டுக் குப்பையக் கொண்டாந்து கொட்டுங்கன்னு."

வண்டியில் இருந்தவர்கள் சிரித்தார்கள். முன்சீட்டில் நிறைமாதமாக ஒரு பெண் இருந்தாள். அவள் மட்டும் சிரிக்கவில்லை.

"அண்ணே, அத நிறுத்துங்க" என்றாள். "சிரிக்கிற பாட்டு இல்ல அது. சாவ ஏமாத்த வெச்ச பேரு. அது ஏமாறாம வந்து தூக்கிட்டுப் போயிருக்கு. வயித்துல பிள்ளையோட இருக்கேன், அந்தப் பேர என் காதுல போடாதீங்க."

டிரைவர் உடனே நிறுத்தினான். சிரித்தவர்கள் வெளியே பார்த்தார்கள். நான் வாயைத் திறந்தேன். யா பிராகோ என் முழங்காலில் கை வைத்து அழுத்தினாள். நாங்கள் போக வேண்டிய இடத்துக்கு வெகு முன்பே இறங்கி நடந்தோம். கூடையை நான் வாங்கிக்கொண்டேன்.

"அவனுக்கு நாலு கொடுத்திருக்கணும்" என்றேன்.

"சிரிச்சவன் மேல எனக்குக் கோவம் இல்ல டவியா. அந்தப் பொண்ணு சொன்னதுதான் சரி. நானா இருந்தாலும் நிறுத்தத்தான் சொல்லியிருப்பேன்."

கேசட் பெட்டிகள் போன கையோடு திரும்பி வந்தன. பிள்ளை இருக்கிற வீடு ஒன்றில்கூட அதை நுழைய விடவில்லை. பிள்ளை இல்லாத வீடு எங்கள் ஊரில் எங்கே இருக்கிறது? போன்சு மறுபடி வந்து பேரை மாற்றச் சொல்லிக் கேட்டான். அவள் முடியாது என்றாள். பெட்டிகள் அவன் கடையின் மூலையில் கிடந்தன. அதன் மேல் உட்கார்ந்து அவன் மதியச் சாப்பாடு சாப்பிடுவான்.

இது இப்படியே முடிந்திருக்கும், மான்சா வராமல் இருந்திருந்தால். மான்சா சந்தையில் தக்காளி விற்கிறவள். மீன் வரிசைக்கும் தக்காளி வரிசைக்கும் ஒத்துக்கொள்ளவே ஒத்துக்கொள்ளாது, நாற்றத்தைப் பற்றிய பழைய சண்டை. அவளுடைய மகள் அடுபியா பிரசவத்தில் போய்விட்டாள். அடக்கம் முடிந்து, துக்கம் கேட்கும் சனிக்கிழமைக்கு நாள் குறித்திருந்தார்கள். மான்சா மீன் வரிசைக்கு வந்து யா பிராகோவின் முன் நின்றாள்.

"உன் பாட்டக் கேட்டேன். பயமாத்தான் இருந்துச்சு. இப்ப எனக்குப் பயப்பட ஒண்ணும் மிச்சம் இல்ல. சனிக்கிழமை வந்து என் மகளுக்குப் பாடுவியா? அவ பேரப் போட்டு."

யா பிராகோ கையிலிருந்த மீனை அடுக்கி முடித்தாள். பிறகு, "வரேன்" என்றாள்.

போனோம். பந்தலுக்குக் கீழே எல்லாரும் கறுப்பும் சிவப்பும் உடுத்தி உட்கார்ந்திருந்தார்கள். முதல் வரியை அவள் பாடினாள். 'இருட்டினால் என்னைக் கூப்பிடாதே, அவரைக் கூப்பிடு' என்று வந்து, அடுபியா என்று சொல்ல வேண்டிய இடத்தில் அவளுக்கு வாய் வரவில்லை. பழக்கத்தில் மகன் பேர்தான் நாக்கு நுனியில் வந்து நின்றிருக்க வேண்டும். அதை விழுங்கினாள், புதுப் பேரும் வரவில்லை. நான் தாளத்துக்கு இரண்டு தட்டு வெறுமனே வாசித்தேன். அந்த இரண்டு தட்டில் மான்சா நாற்காலியை விட்டு எழுந்து, "அடுபியா" என்று கூப்பிட்டாள். அடுத்த வரியிலும் யா பிராகோ நிறுத்தினாள், மான்சா கூப்பிட்டாள். மூன்றாவது வரியில் பந்தலே கூப்பிட்டது.

திரும்பி வருகிற வழியில் யா பிராகோ சொன்னாள்: "போன்சுகிட்ட சொல்லு. பேர எடுத்துடறேன். ஆனா அங்க இயேசு வரக் கூடாது, இம்மானுவேல் வரக் கூடாது, 'என் பிள்ளையே'ன்னும் வரக் கூடாது. என் பையன் நிக்காத எடத்துல ஒருத்தனும் நிக்கக் கூடாது. வெறுமனே விடச் சொல்லு."

போன்சு குதித்தான். "ஓட்டை போட்ட பாட்ட எவன் வாங்குவான்? கேசட் கெட்டுப்போச்சுன்னு திருப்பிக் கொடுப்பான்."

"முன்ன மட்டும் திருப்பிக் கொடுக்காமயா இருந்தான்?" என்றேன் நான்.

மறுபடி பதிவு செய்தோம். அவள் ஒவ்வொரு வரியின் முடிவிலும் உதட்டை மூடிக்கொண்டாள். எதிரில் உட்கார்ந்திருந்த எனக்கு அவள் தொண்டை அசைவது தெரிந்தது. பேர் உள்ளே போய்க்கொண்டிருந்தது. வாசித்துக்கொண்டே நான் அழுதேன். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அதற்குப் பிறகு நடந்ததை ஊரே அறியும். முதலில் மான்சாவின் சொந்தக்காரர்கள் வாங்கினார்கள். பிறகு துக்க வீடுகளுக்கு ஒலிபெருக்கி கட்டுகிறவர்கள் வாங்கினார்கள். அவர்கள் கைக்குப் போனபின் கேட்க வேண்டியதில்லை. எங்கள் ஊரில் சனிக்கிழமை என்றால் துக்கம்தான். வீதிக்கு ஒரு பந்தல், பந்தலுக்கு ஒரு ஒலிபெருக்கி, எல்லாவற்றிலும் அந்தப் பாட்டு. அந்த இரண்டு தட்டு வந்ததும் கூட்டம் தங்கள் பிணத்தின் பேரைக் கூப்பிடும். பெற்றவள் கூப்பிடுவாள், பெண்டாட்டி கூப்பிடுவாள், கடன் கொடுத்தவன்கூடக் கூப்பிடுவான். நிறைமாதக்காரிகளும் கேட்டார்கள். பேரில்லாத பாட்டுக்கு யார் பயப்படுவார்கள்?

போன்சுவின் கடை வாசலில் அக்ராவிலிருந்தும் டகோராடியிலிருந்தும் வந்த வியாபாரிகள் பாய் போட்டுப் படுத்துக் காத்திருந்தார்கள். லண்டனிலும் ஹாம்பர்க்கிலும் இருக்கிற எங்கள் ஆட்கள் ஊருக்கு வந்தால் திரும்பிப் போகும்போது மரவள்ளிக்கிழங்கு மாவையும் அந்தக் கேசட்டையும்தான் பெட்டியில் வைத்தார்கள். கள்ளக் கேசட் போட்டவன்கூட அந்த இடைவெளியில் கை வைக்கவில்லை. ரேடியோ நிலையத்தார் அதற்கு விருது கொடுத்தார்கள். அதைப் பார்த்து மற்ற சபைக் குழுக்களும் தங்கள் பாட்டில் ஆங்காங்கே இடம் விட்டுப் பாடத் தொடங்கினார்கள். அந்த வருஷம் வந்த கேசட்டுகளில் பாதி ஓட்டையும் ஒடசலும்தான். ஒன்றும் ஓடவில்லை. இடம் விட எல்லாருக்கும் தெரியும், அங்கே முதலில் ஒருவன் இருந்திருக்க வேண்டும்.

யா பிராகோவுக்கு வர வேண்டியது வந்தது. அசுவாசியில் சிமெண்ட் கல்லில் ஒரு வீடு கட்டினாள். அஃபியாவை நல்ல பள்ளியில் சேர்த்தாள். ஆனால் மீன் கடையை விடவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, "வீட்ல உக்காந்தா அந்தப் பாட்டுதான் கேக்குது. இங்க சந்தச் சத்தத்துல அமுங்கிப்போவுது" என்றாள். சனிக்கிழமைகளில் பெரிய வீட்டுத் துக்கங்களுக்கு அவளை நேரிலேயே பாடக் கூப்பிட்டார்கள். போகும்போது அந்த வீட்டு ஆள் ஒருவர் அவள் காதில் செத்தவர் பேரைச் சொல்லுவார். அவள் தலையாட்டிக்கொள்வாள். அவள் அதைச் சொல்லப் போவதில்லை, கூட்டம்தான் சொல்லும். இருந்தாலும் கேட்டு வைத்துக்கொள்வாள்.

ஒருநாள் சபையின் ஆண்டு விழா. போதகர் மேடையிலேயே, "சகோதரி, இன்னைக்காவது உங்க பையன் பேரைப் போட்டே பாடிடுங்க. இப்ப யாரும் சிரிக்க மாட்டாங்க, யாரும் பயப்பட மாட்டாங்க" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். நாங்கள் வாசித்தோம். அவள் பாடினாள். இடம் வந்தது. அவள் வாயைத் திறந்தாள், கூட்டத்திலிருந்து ஐந்நூறு பேர் செத்துப்போன ஐந்நூறு பேரைக் கூப்பிட்டார்கள். அவள் உதடு அசைந்ததா என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

இறங்கி வந்து தண்ணீர் குடித்தாள். "அந்த எடத்த வாடகைக்கு விட்டாச்சு டவியா. வீடு நெறைய ஆள் இருக்கும்போது வீட்டுக்காரன் எப்படி உள்ள நுழைவான்?" என்றாள். சிரித்துக்கொண்டே சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அதன்பின் எப்போதாவது, மதிய வெயிலில் சந்தை அடங்கியிருக்கும்போது நான் அவள் கடைக்குப் போனால், "அவன் பேரச் சொல்லு" என்பாள். நான் சொல்லுவேன். "நான் சொன்னா என் குரல்தான் எனக்குக் கேக்குது. வேற ஒருத்தர் சொன்னாத்தான் அவன் இருந்த மாதிரி இருக்கு" என்பாள். அந்தப் பேரைத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வந்தார்கள். போதகர் அடிங்க்ரா வேறு ஊருக்கு மாறினார். சபையில் புது ஆட்கள். போன்சுவுக்கு நினைவிருந்தது, ஆனால் அவன் அதை வாயால் சொல்ல மாட்டான். முதல் கேசட்டுகளை எல்லாம் அழித்து அதன் மேலேயே புதுப் பாட்டைப் பதிந்துவிட்டிருந்தான். அதை அவளிடமும் சொல்லியிருந்தான். அவள் திட்டவில்லை.

அவள் ரத்த அழுத்தத்தில் போனாள். காலையில் கூடையைத் தூக்கக் குனிந்தவள் நிமிரவில்லை. ஆஸ்பத்திரியில் சில நாள் பேச்சில்லாமல் கிடந்து போய்விட்டாள். அஃபியாவுக்கு அப்போது கல்யாணம் ஆகிக் கையில் ஒரு குழந்தை.

அவளுக்குக் கூடின மாதிரி ஒரு துக்கத்தை நான் பார்த்ததில்லை. சுவாமே பள்ளி மைதானம் போதவில்லை, சாலையை மறித்துப் பந்தல் போட்டார்கள். அவள் பாட்டை வைத்துத் தங்கள் பிணத்துக்கு அழுதவர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள் போலிருக்கிறது. போன்சு வெள்ளைத் தலையோடு முன்வரிசையில் இருந்தான். மைக்கைப் பிடித்துக்கொண்டு நிகழ்ச்சி நடத்தியவன் ரேடியோவிலிருந்து வந்தவன், வாய் ஓயாதவன். பிற்பகலில் அந்தப் பாட்டைத் தொடங்கினோம். சபைப் பெண்கள் பாடினார்கள், நான் கிட்டார்.

முதல் வரி முடிந்தது. இடம் வந்தது. மைதானமும் சாலையும் சேர்ந்து, "யா பிராகோ" என்று கூப்பிட்டன.

அது நியாயம்தான். அன்றைக்குச் செத்தவள் அவள். ஆனாலும் மகனுக்காக ஒருவரையும் விடாமல் காத்து வைத்த இடத்தில் கடைசியில் அவளையே கொண்டுவந்து உட்கார வைத்துவிட்டார்கள். இனி அவன் எங்கே போவான்?

இரண்டாவது வரியில் அஃபியா எழுந்தாள். குழந்தையைப் பக்கத்தில் இருந்தவளிடம் கொடுத்தாள். பாடிக்கொண்டிருந்த பெண்களின் மைக்கைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். அண்ணன் முகம்கூட அவளுக்குச் சரியாக நினைவில்லை. இடம் வந்ததும், கூட்டத்தை முந்திக்கொண்டு, "சுமினா" என்றாள்.

கூப்பிட வாயெடுத்தவர்கள் பாதியில் நின்றார்கள். முன்வரிசையில் ஒரு கிழவி, "பெத்தவளக் குப்பமேடுங்குதே" என்றாள். பின்னால் ஒருத்தி, "சம்பாதிச்சுக் கொடுத்தவளுக்கு இதுதான் மரியாதையா?" என்றாள். "புத்தி பெரண்டுபோச்சு பாவம்" என்று இன்னொருத்தி. ரேடியோக்காரன் ஓடி வந்து மைக்கை வாங்கிக்கொண்டான்.

"சகோதர சகோதரிகளே, மகளுக்குத் துக்கம் தாங்கல. வாய் தவறி ஒரு வார்த்தை வந்துடுச்சு. யாரும் மனசுல வெச்சுக்காதீங்க. கர்த்தர் மன்னிப்பாரா?"

"ஆமென்" என்றது மைதானம்.

நான் கிட்டாரை நிறுத்தினேன். நான் நிறுத்தியதும் டிரம்மும் நின்றது. எழுந்து போய் அவன் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினேன். நல்ல வார்த்தையில் கேட்டு வாங்கவில்லை.

"எதுக்குடா கர்த்தர் மன்னிக்கணும்? அது பேரு. யா பிராகோ பெத்த பையன் பேரு. இந்தப் பாட்டு உங்க யாருக்காகவும் பாடினது இல்ல. அவனுக்குப் பாடினது. உங்களுக்காக அவன எழுப்பி வெளிய அனுப்பிட்டு, அந்த எடத்த உங்களுக்குக் கொடுத்தா. இத்தன வருஷம் அங்க உக்காந்து அழுதீங்களே, யாரு வீடுன்னு ஒருத்தராவது கேட்டீங்களா?"

போன்சு குனிந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். முன்வரிசையில், குப்பைமேடு என்று சொன்ன அந்தக் கிழவியே எழுந்தாள். அஃபியாவைப் பார்த்து மெதுவாகக் கேட்டாள்: "எத்தனாவது பிள்ளைம்மா?"

"நாலாவது" என்றாள் அஃபியா.

கிழவி தலையை ஆட்டினாள். மேலே ஒன்றும் கேட்கவில்லை. தோளில் கிடந்த கறுப்புத் துணியை இழுத்து வாய் மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவளைப் பார்த்துப் பக்கத்தில் இருந்தவர்களும் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

நான் போய் உட்கார்ந்து மறுபடி அதே வரியை எடுத்தேன். சபைப் பெண்கள் பாடினார்கள். 'பசித்தால் என்னைக் கூப்பிடாதே, அவரைக் கூப்பிடு.' இடம் வந்தது. மைதானத்தில் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. சாலையில் நின்றவர்களும் திறக்கவில்லை. அஃபியா மட்டும் மைக் இல்லாமல், "சுமினா" என்றாள். கடைசிப் பந்தல் வரைக்கும் அது கேட்டது.

அடுத்த வரியில் கூட்டம் மறுபடி யா பிராகோவைக் கூப்பிடத் தொடங்கியது.